மரகதம் தொட்ட விடை

மரகதத்துக்கு ஆங்கிலம் தெரியும் என்று முதலில் கண்டுபிடித்தது ஒரு சீனப் பெண்மணி. அதுவரை அந்த விஷயம் மரகதத்துக்கே தெரியாது.

1999 மார்ச். அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்ட் வளாகத்தில் துணி துவைக்கும் அறை கீழே பேஸ்மெண்டில் இருந்தது. சனிக்கிழமை காலை, டிரையர் நிற்பதற்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாடி வீட்டு மரகதம் பக்கத்தில் நின்று தன் பையன் சபரியின் சாக்ஸுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். அப்போது எதிர் பிளாக்கில் இருக்கும் மிஸஸ் சென் வந்தாள். கையில் துணி இல்லை, ஒரு பழுப்புக் கவர் இருந்தது. என்னைத் தாண்டிப் போய் மரகதத்தின் முன்னால் நின்று, "யூ இந்தியா. இந்தியா இங்கிலீஷ் வெரி குட்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் இந்தியாதான். பக்கத்து ஊரான பிஸ்கடவேயில் ஐந்து வருஷமாக புரோகிராம் எழுதுகிறவள், மீட்டிங்கில் வெள்ளைக்காரர்களோடு வாதம் செய்கிறவள். என்னை விட்டுவிட்டு, கடையில் காகிதப் பையா, பிளாஸ்டிக் பையா என்று தெரிந்துகொள்ள "பேப்பர் ஆர் பிளாஸ்டிக்" என்று கேட்டால் "யெஸ்" என்று பதில் சொல்லும் மரகதத்திடம் போகிறாளே என்று இருந்தது. மரகதம் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறாள், நான் இருப்பதில்லை, அதனால்தான் என்று பிறகு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கவருக்குள் இருந்தவை பயிற்சித் தாள்கள். மிஸஸ் சென்னின் மகள் யுன் சீனாவில் நான்சாங் என்ற ஊரில் சித்தி வீட்டில் தங்கிப் பள்ளியின் கடைசி வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஜூலையில் மூன்று நாள் கல்லூரி நுழைவுத் தேர்வு. எந்தக் கல்லூரி, எந்த ஊர், எந்தப் படிப்பு என்பதெல்லாம் அந்த மூன்று நாளில் முடிந்துவிடும். யுன்னுக்குக் கணக்கு நன்றாக வரும், ஆங்கிலத்தில் பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் பகுதிதான் காலை வாரியது. அம்மாவைக் கேட்கலாம் என்றால் அம்மா பள்ளியில் படித்தது ரஷ்ய மொழி. அப்பா ஒரு மருந்துக் கம்பெனி லேபில் இருக்கிறார், அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் கெமிஸ்ட்ரி.

மரகதம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு பத்தியையும் படித்து, கீழே இருக்கும் நாலு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும், அதாவது டிக் போட வேண்டும். ஏன் அது என்று இரண்டு வரி எழுத வேண்டும். மிஸஸ் சென் அதை யுன்னுக்கு அனுப்புவாள். சரியான விடைகள் யுன்னின் பள்ளியிலிருந்து பிறகு வரும்.

"பத்தாவதுல இங்கிலீஷ்ல நாந்தானுங்கக்கா ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு. தொண்ணூத்தி நாலு," என்றாள் மரகதம், படியேறும்போது. மூன்று வருஷப் பழக்கத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. தாராபுரத்தில் அரசு பெண்கள் பள்ளி, தமிழ் மீடியம். இங்கே வந்த பிறகு கேஷியர் பேசுவதும் புரியாமல், டிவியில் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்றும் புரியாமல், அந்தத் தொண்ணூற்றி நாலை அவளே மறந்துபோயிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அவளுடைய முறை எனக்குத் தெரியும். நம் ஊரில் படித்த யாருக்கும் தெரியும். கேள்வியில் இருக்கிற பெரிய வார்த்தை ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே வார்த்தை பத்தியில் எங்கே வருகிறது என்று விரலை வைத்துத் தேட வேண்டும். கிடைத்ததும் அந்த வரியை முற்றுப்புள்ளி வரைக்கும் அப்படியே இறக்கிவிட வேண்டும். பத்தி யாரைப் பற்றியது, என்ன சொல்ல வருகிறது என்பதெல்லாம் வேண்டாத தலைவலி. இந்த முறையில் நானும்தான் தேறி வந்தேன்.

முதல் கட்டு இருபது கேள்வி. மரகதம் நாலு நாள் மதிய நேரத்தில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்து விடைகள் வந்தன. இருபதுக்கு ஏழு.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"நீங்களே பாருங்கக்கா. ரூம்பு சூடா இருந்துச்சு, டாம் சன்னலைத் தொறந்தான்னு போட்டிருக்குது. டாம் ஏன் சன்னலைத் தொறந்தான்னு கேள்வி. சூடா இருந்ததுனாலன்னு முதல் விடையிலயே இருக்குது. அதைத் தொட்டா தப்புங்கறாங்க."

படித்துப் பார்த்தேன். அறை சூடாக இருக்கிறது. டாம் ஜன்னலைத் திறக்கிறான். தெருவில் பேண்டு வாத்தியம் போகிறது. அது தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு டாம் ஜன்னலை மூடிவிடுகிறான். சரியான விடை, பேண்டு வாத்தியத்தைப் பார்ப்பதற்காக.

"அறை இன்னும் சூடாத்தானே இருக்கும்? அப்ப ஏன் மூடறான்? அதை யோசிக்கணும் போல," என்றேன்.

"அதை அவங்க எழுதலீங்களே."

எழுதவில்லைதான். நானே அந்த இருபதையும் செய்து பார்த்தேன். பன்னிரண்டு வந்தது. அதை மரகதத்திடம் சொல்லவில்லை. சீனாவில் இருந்துகொண்டு அமெரிக்காவில் எவனோ ஒரு டாம் ஜன்னலை ஏன் திறந்தான் என்று இவர்கள் எனக்குச் சொல்ல வந்துவிட்டார்கள் என்று அன்றைக்கு முழுக்க எரிச்சலாக இருந்தது.

அந்தக் கோளாறு நடந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில்தான் பள்ளியிலிருந்து சபரியைப் பற்றிக் கடிதம் வந்தது. அதைச் சொல்லும்போது என் பங்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சபரிக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. இரண்டு வயதில் எடிசனுக்கு வந்தவன். தமிழில் என்ன சொன்னாலும் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். "ஒரு வார்த்தை தமிழ்ல பேச மாட்டேங்கறானே" என்பது மரகதத்தின் தினசரிப் புலம்பல். கார்ட்டூன் பார்த்துப் பார்த்து அந்தக் குரலிலேயே பேசுவான். என் வீட்டுக்கு வந்தால் டைனோசர் செத்த கதையை மூச்சு விடாமல் சொல்லி என்னைத் தலைவலி மாத்திரை தேட வைப்பான்.

நவம்பரில் வந்த முதல் ரிப்போர்ட் கார்டில் டீச்சர் எழுதியிருந்தாள்: சபரி வகுப்பில் மிகவும் அமைதியாக இருக்கிறான். மரகதத்தின் கணவர் சேனாபதி அதை இரண்டு தரம் படித்தார். காலை ரயிலில் மன்ஹாட்டன் போய், இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது வங்கிக் கம்ப்யூட்டர்கள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. மனுஷர் வீட்டில் சிரிப்பதே அபூர்வம், அன்றைக்குச் சிரித்தார். டீச்சரிடம் எதிர்த்துப் பேசாதே, கேட்டால் மட்டும் பதில் சொல், வாய் திறக்காமல் உட்கார் என்று இருவரும் சொல்லிச் சொல்லி அனுப்பியது வீண் போகவில்லை. அன்றே பையனுக்கு ரிமோட் கார் ஒன்று வந்தது.

பிப்ரவரியில் இரண்டாவது ரிப்போர்ட். இன்னும் மிக அமைதியாகவே இருக்கிறான். "வருசக் கடைசி வரைக்கும் இப்புடியே இரு சாமி, சைக்கிள் வாங்கித் தர்றேன்," என்றார் சேனாபதி. சபரி காலண்டரில் நாள் எண்ண ஆரம்பித்தான்.

ஏப்ரல் கடிதம் ஒரு முழுப் பக்கம். சபரி எங்கள் வகுப்பில் இருப்பது எங்களுக்கு மகிழ்ச்சி. அவன் அன்பான பிள்ளை. மிக அமைதியானவன். தன் பொருட்களை ஒழுங்காக வைத்துக்கொள்கிறான். வரிசையில் மற்றவர்களுக்கு இடம் விடுகிறான். இப்படியே பாதிப் பக்கம். அதன் பிறகு, சிறிய குழு ஒன்றில் அவன் இன்னும் நன்றாக மலர்வான் என்று எங்கள் ஆசிரியர் குழு நினைக்கிறது, வரும் ஆண்டில் கூடுதல் மொழி ஆதரவுடன் அதற்கு ஏற்பாடு செய்ய விரும்புகிறோம், வகுப்பு வேறு கட்டடத்தில் நடக்கும், பஸ் வசதி உண்டு. இதைப் பற்றிப் பேச விரும்பினால் ஜூன் பதினொன்றாம் தேதிக்குள் எங்களைக் கூப்பிடலாம். கூப்பிடாவிட்டால் உங்களுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். அன்புடன், டீச்சர்.

மரகதம் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். நான் படித்தேன், ஆபீஸ் காகிதம் பார்க்கும் வேகத்தில் ஒரு தரம்.

"சின்ன குரூப்புன்னா கிஃப்டட் புரோகிராம்தான். புத்திசாலிப் பசங்களைத் தனியா எடுத்து வச்சு சொல்லிக் குடுப்பான். பஸ்ஸு வேற குடுக்கறான் பாரு," என்றேன்.

"நெசமாத்தான் சொல்றீங்களாக்கா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? என் ஃப்ரெண்ட் பொண்ணுக்கும் இப்படித்தான் லெட்டர் வந்தது."

என் ஃப்ரெண்ட் பெண்ணுக்கு வந்த கடிதத்தை நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் சொன்னேன். எடிசனில் அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பிள்ளையைத் தனியாக எடுக்கிறார்கள் என்றால் மேலே ஏற்றத்தான் எடுப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சேனாபதி நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் பால்கோவா வாங்கி வந்து எங்கள் பிளாக் முழுக்கக் கொடுத்தார். காலண்டரில் ஜூன் பதினொன்றைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, சபரி கிஃப்டட் என்று எழுதி வைத்தார். கடிதம் ஃபிரிட்ஜ் கதவில், வாழைப்பழ உருவக் காந்தத்துக்குக் கீழே ஏறியது. அந்த வகுப்பு எதற்கு உண்டானது என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அந்தத் தாளிலேயே இருந்தது.

இதற்கிடையில் மரகதம் இரண்டாம் கட்டையும் செய்து அனுப்பினாள். இந்தத் தரம் எட்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிஸஸ் சென் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. யுன்னோடு போனில் பேசினாளாம். யுன் நன்றி சொல்லச் சொன்னாளாம். மரகதம் அனுப்பும் தாள் அவளுக்கு ரொம்ப உதவுகிறதாம்.

"தப்பாத்தானே போட்டிருக்கேன், எப்படி உதவுது?" என்று மரகதம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

மிஸஸ் சென் வெள்ளை மனதோடு விளக்கினாள். அவர்கள் இருவரும் பேசிய ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் குறைவு, ஆனாலும் விஷயம் தெளிவாகவே வந்து சேர்ந்தது. பத்தியில் இருக்கும் அதே வார்த்தைகளை ஒரு விடையில் போட்டு வைப்பது கேள்வி தயாரிப்பவர்கள் விரிக்கும் வலை. மரகதம் தப்பு விட்ட இடத்திலெல்லாம் அதைத்தான் தொட்டிருக்கிறாள். அதனால் மரகதம் எழுதிய காரணத்தில் பத்தியின் வரி அப்படியே வந்திருந்தால், யுன் முதலில் அந்த விடையை அடித்துவிடுகிறாள். மிச்சம் மூன்று. பதினாலு வாங்கிக்கொண்டிருந்தவள் பதினேழுக்கு வந்துவிட்டாள்.

மிஸஸ் சென் போன பிறகு மரகதம் ஆரஞ்சுப் பெட்டியைத் தொடவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்ப நான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு வாங்குனது எதுக்குங்கக்கா? எனக்கு இங்கிலீசே தெரியாதுங்களா?"

அந்தச் சீனத்தியை ஒரு பிடி பிடிக்க வேண்டும் போல் எனக்கு இருந்தது. பிறகு என் பன்னிரண்டு ஞாபகம் வந்தது.

மே மாதம் முழுக்க மரகதம் அந்தப் பக்கமே போகவில்லை. துணி துவைக்கவும் செவ்வாய்க்கிழமைக்கு மாறிக்கொண்டாள். மூன்றாம் கட்டு மேஜை மேல் கிடந்தது. ஆனால் சும்மா விட முடியவில்லை அவளால். தொண்ணூற்றி நாலு வாங்கியவளின் ரோஷம். ஜூன் பிறந்ததும் ஒரு நாள் மதியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்துவிட்டாள். வார்த்தையைத் தேடாமல் பத்தியைப் பத்தியாகப் படிக்க முயன்றாளாம். பாதிக்கு மேல் பழைய பழக்கமே ஜெயித்துவிட்டதாம். ஜூன் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தாளைத் தானே எடுத்துக்கொண்டு மிஸஸ் சென் வீட்டுக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

இந்தத் தரம் விடைகளும் யுன் எழுதிய விளக்கங்களும் முன்னமே தபாலில் வந்திருந்தன. மிஸஸ் சென் டீ ஊற்றிக் கொடுத்தாள். மூவரும் உட்கார்ந்து சரிபார்த்தோம். பதினொன்று. மரகதம் லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினேழாம் கேள்வியில்தான் அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

பத்தி ஒரு கடிதம். வீட்டுக்காரம்மா ஒருத்தி மாடியில் குடியிருக்கும் இளைஞனுக்கு எழுதியது. நீங்கள் பியானோ மிக அழகாக வாசிக்கிறீர்கள். காலமான என் கணவருக்கும் பியானோ பிடிக்கும். இப்போதெல்லாம் நான் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன். இந்த வீட்டின் சுவர்கள் மெல்லியவை. கேள்வி, அந்த அம்மாள் ஏன் இந்தக் கடிதத்தை எழுதினாள்? மரகதம் தொட்டது, அவன் வாசிப்பைப் பாராட்டுவதற்கு. சரியான விடை, ராத்திரியில் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்கு.

"வாசிக்காதேன்னு ஒரு எடத்துல கூட இல்லீங்களே," என்றாள் மரகதம் என்னிடம். "வேணும்னா நேராச் சொல்ல வேண்டியதுதானே? மொதல்ல எதுக்கு இத்தனை பாராட்டு?"

மிஸஸ் சென் யுன்னின் விளக்கத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். பதினெட்டு வயதுப் பெண்ணின் குட்டிக் குட்டி ஆங்கில எழுத்து. நான் உரக்கப் படித்தேன். இந்த நாட்டு மக்கள் கடிதம் எழுதும்போது இனிப்பை முன்னால் வைப்பார்கள். இனிப்பைப் படித்து முடித்த பிறகு, அன்புடன் என்பதற்கு முன்னால் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். அதற்காகத்தான் கடிதம்.

மரகதம் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வெளியே போனாள். செருப்பைப் போட்டாளா என்று கூடத் தெரியவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

நான் போனபோது அவள் தன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவின் முன்னால் நின்று பள்ளிக் கடிதத்தின் கீழ்ப் பாதியில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதை மறுக்காப் படிங்க. மேல இருக்கறது வேண்டாம். இங்கிருந்து படிங்க."

படித்தேன். ஆபீஸ் வேகத்தில் இல்லை. கூடுதல் மொழி ஆதரவு. வேறு கட்டடம். கூப்பிடாவிட்டால் சம்மதம். அது கிஃப்டட் வகுப்பு இல்லை. ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளை வைத்துச் சொல்லிக் கொடுக்கும் தனி வகுப்பு. ஏழு வாரமாக அது எங்கள் கண் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் அதைப் பார்த்துப் பால்கோவா தின்றிருக்கிறோம். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"ஆனா அவனுக்கு இங்கிலீஷ் மட்டுந்தானே தெரியும்?" என்றாள் மரகதம். "எதுக்கு அந்தக் கிளாஸ்ல போடறாங்க?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. சேனாபதி வந்ததும் அவருக்கும் புரியவில்லை. வேறு எந்தப் பையனுடைய கடிதமோ மாறி வந்துவிட்டது என்றார். மேலே பார்த்தால் சபரியின் பெயர் தெளிவாக இருந்தது. அதன் பிறகு அவர் காலண்டரில் இருந்த சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நான் ஆபீஸிலிருந்து பள்ளிக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். சேனாபதிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் பாதி நாள் எடுத்துக்கொண்டு டிரைவ் பண்ணிப் போனேன். வழியெல்லாம் மரகதம் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள், சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்கிறாள் என்று தெரிந்தது.

டீச்சர் சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும். மிகவும் மரியாதையாகப் பேசினாள். முதலில் சபரியை மூன்று நிமிஷம் புகழ்ந்தாள். மரகதம் கையை மடியில் வைத்துக்கொண்டு, இனிப்பு முடியட்டும் என்று காத்திருந்தாள். சபரி சுவர் ஓரத்துக் குட்டி நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் வீட்டில் டைனோசர் கதை சொல்லும் பையனா இவன் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பிறகு டீச்சர் விஷயத்துக்கு வந்தாள். பத்து மாதத்தில் சபரி வகுப்பில் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. யாருக்குச் சொல்ல ஆசை என்று கேட்டால் கை தூக்குவதில்லை. பேர் சொல்லிக் கேட்டால் ஒரு வார்த்தை, அதுவும் காதில் விழாது. வீட்டில் வேறு மொழி பேசுவதால் அவனுக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைக்கிறார்கள். இரண்டு ரிப்போர்ட்டிலும் அதைப் பற்றி எழுதியிருந்தாளாம், பெற்றோரிடமிருந்து பதிலே வரவில்லையாம்.

நான் தமிழில் சொன்னேன். மரகதம் மனப்பாடம் செய்து வந்ததையெல்லாம் மறந்துவிட்டாள். "அமைதியா இருக்கான்னு எழுதுனது புகாருங்களா?" என்று என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

பையன் பக்கம் திரும்பினாள்.

"சாமி, டீச்சர் கேக்கறாங்க பாரு. நீ எதுக்குப் பள்ளிக்கூடத்துல பேசறதே இல்லை? நீயே சொல்லு கண்ணு."

சபரி அம்மாவைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான். மறுபடி அம்மாவைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. அந்தக் குழப்பத்தை நான் வேறு எந்தக் குழந்தையின் முகத்திலும் பார்த்ததில்லை.

"சொல்லு சாமி. பேசலாம்."

"இஸ் திஸ் எ டெஸ்ட்?" என்றான், மிக மெல்ல.

"இல்ல கண்ணு. அம்மா நெசமாத்தான் கேக்கறேன்."

அவன் கட்டிய கையைப் பிரிக்காமலே யோசித்தான். இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி என்பது அவனுக்குத் தெரியும், எண்ணிக்கொண்டுதானே இருந்தான்.

"பட் அப்பா செட், இஃப் ஐ ஸ்டே கொயட் டில் தி எண்ட் ஆஃப் தி இயர், ஐ கெட் தி பைக். இஃப் ஐ டாக் நௌ, டூ ஐ ஸ்டில் கெட் இட்?"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்து மாதம் ஒரு முழு வாக்கியத்துக்காகக் காத்திருந்தவளுக்கு அன்றைக்கு மொத்தமாகக் கிடைத்தது. மரகதத்துக்கும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அந்த நாட்டில் அவளுக்கு முழுசாகப் புரிந்த முதல் ஆங்கிலம் அதுதான் என்று நினைக்கிறேன். அவள் அழுதாள். டீச்சர் டிஷ்யூ பெட்டியை நகர்த்திவிட்டு, தானும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

தனி வகுப்பு இல்லை, செப்டம்பரில் எல்லோரோடும் இரண்டாம் வகுப்புக்குப் போகலாம் என்று மறுநாள் போனில் சொன்னார்கள். மரகதம் அந்தச் செய்தியை முதலில் சொன்னது மிஸஸ் சென்னிடம், என்னிடம் இல்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை, சொல்லப்போனால் அதுதான் நியாயம். யுன் ஜூலையில் தேர்வு எழுதி, ஷாங்காயில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். அதுவரைக்கும் மரகதம் இன்னும் இரண்டு கட்டு செய்து கொடுத்தாள். கடைசியில் பதினாலு வாங்கினாள். இனி இவளை வைத்து வலையைக் கண்டுபிடிக்க முடியாது என்று யுன் போனில் குறைப்பட்டுக்கொண்டாளாம்.

வீட்டில்தான் குழப்பம் தீரவில்லை. "வாயைத் தொறக்காம இருன்னு சொன்னது தப்புங்களா? எங்கப்பன் எனக்கு அதைத்தான சொன்னாரு?" என்று சேனாபதி என்னிடமே கேட்டார். பெரியவர்களை மதிக்கச் சொல்லிக் கொடுத்ததை எப்படித் தப்பு என்பது? சரி என்றும் எப்படிச் சொல்வது? டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பள்ளி மூடிய அன்று சாயங்காலம் அவர் சைக்கிள் வாங்கி வந்தார். நீலக் கலர், பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம். பார்க்கிங் லாட்டில் நிறுத்தி, மணியை அடித்துக் காட்டினார். சபரி இரண்டடி தள்ளியே நின்றான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தொடவில்லை.

"ஏறு சாமி," என்றார் சேனாபதி.

"ஒய் டிட் யூ பை இட்?" என்றான் சபரி. "பிகாஸ் ஐ வாஸ் கொயட்? ஆர் பிகாஸ் ஐ டாக்ட்?"

சேனாபதி மரகதத்தைப் பார்த்தார். மரகதம் என்னைப் பார்த்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. மரகதம் கீழே குனிந்து சைக்கிளை அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"ரெண்டுக்கும் இல்ல கண்ணு," என்றாள். "ஓட்டறதுக்கு."